துருவ நிலையத்தின் சரித்திரமும் லூர்துமேரியின் பூவும்

கல்லறைத் திருநாளன்று காலைப் பூசையில், உயிரோடு இருக்கிற ஒருவனைச் செத்தவர்கள் பட்டியலில் சேர்த்து வாசித்துவிட்டார் உபதேசியார் காஸ்பர். வாசித்ததோடு விட்டிருந்தாலும் போகிறது. அந்தப் பெயருக்கென்று தனியாகக் குரலைக் கொஞ்சம் நடுங்கவும் விட்டார்.

செஞ்சிக் கோவிலில் ஜெபச் சீட்டுப் போட இரண்டு பிஸ்கட் டப்பாக்கள் உண்டு. ஒன்று செத்தவர்களுக்கு. இன்னொன்று பிரயாணம் போனவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள், பிரசவத்துக்குக் காத்திருப்பவர்கள் என்று உயிரோடு அவதிப்படுகிறவர்களுக்கு. 1964 நவம்பர் இரண்டாம் தேதி, இரண்டு டப்பாவையும் ஒரே கையில் அடுக்கிக்கொண்டு காஸ்பர் கோவில் படியேறும்போது, கல்லறை மாலைகளை ஒரு ஆடு நிதானமாக மென்றுகொண்டிருந்தது. அதை அதட்டத் திரும்பினார். படி இருந்த இடத்தில் கால் இல்லை. டப்பாக்கள் உருண்டன, சீட்டுகள் காற்றில் பறந்தன, ஆடு மட்டும் அசையவில்லை.

பொறுக்கியெடுத்தவர் பதறவில்லை. எது எந்த டப்பா என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம் என்று நம்பினார். எழுதத் தெரியாதவர்களுக்காகப் பாதிச் சீட்டுகளை அவரே எழுதிக் கொடுத்திருந்தார். ஆக, தன் கையெழுத்தைத் தானே சரியாகப் படித்து, தானே தப்பாகப் பிரித்த பெருமை முழுக்க அவருக்கே சேரும்.

“யாகப்பன் மகன் தோமினிக்.”

பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் தோமினிக்கின் மனைவி லூர்துமேரி முழந்தாளிட்டிருந்தாள். அவள் கத்தவில்லை. கை மெதுவாகப் பின்னால் போய்த் தலையிலிருந்த கனகாம்பரச் சரத்தை உருவியது. அதை உள்ளங்கையில் வைத்து, யாரோ கொடுத்ததைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். காஸ்பர் அதைக் கண்டார். அப்புறம் அவர் வாசித்த பதினெட்டுப் பெயர்களும் யாருடையவை என்று அவருக்கே தெரியாது.

பூசை முடிந்ததும் வாசலில் யாகப்பன் வழிமறித்தார். எழுபதை நெருங்கிய ஆள். அவலூர்பேட்டை சாலையில் இரண்டு காணி மல்லாட்டைக் கொல்லை, அதாவது நிலக்கடலை. தொண்டை மட்டும் இருபது வயதுக்காரனுடையது.

“டேய் காஸ்பரு! எம்புள்ள செத்துட்டான்னு உனக்கு யார்ரா சொன்னது?”

“யாரும் சொல்லல மாமா. டப்பா மாறிப்போச்சு.”

“டப்பா மாறினா ஆளக் கொன்னுடுவியா? உள்ள போயி இல்லன்னு திருப்பிப் படி!”

“செத்தவங்கள வாபஸ் வாங்கறதுக்கு ஜெபப் புத்தகத்துல எடமில்ல மாமா.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். பயம் வந்தால் காஸ்பருக்கு வேடிக்கைப் பேச்சு வரும். சின்ன வயதிலிருந்து இந்த வியாதி. சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தும்விட்டார்கள். சிரிப்பு அடங்கும்வரை லூர்துமேரி காத்திருந்தாள்.

“அண்ணே, நான் பூ வெச்சிக்கட்டுமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க.”

“வெச்சிக்க லூர்து. அவன் உசுரோடதான் இருக்கான்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அந்த வருஷம் தோமினிக்கிடமிருந்து கடிதம் வரவில்லை.

தோமினிக் சமையல்காரன். புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் எடுபிடியாகச் சேர்ந்து, அடுப்படிக்கு முன்னேறி, அறுபத்தொன்றாம் வருஷம் கப்பலேறினான். பூமியின் தெற்குக் கோடியில், பனிக்கட்டிக்கு மேல் பிரெஞ்சுக்காரர்கள் ஓர் ஆராய்ச்சி நிலையம் நடத்தினார்கள். காற்றை அளப்பார்களாம், பூமி நடுங்குகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார்களாம். கேட்கிறவர்களுக்கும் வயிறு உண்டு, அதற்குத்தான் தோமினிக். அந்த இடத்துக்கு வருஷத்தில் ஒரு கப்பல். கப்பலோடு திரும்பி வருவது ஒரு கடிதம். அறுபத்திரண்டு ஏப்ரலில் ஒன்று வந்தது. அறுபத்து மூன்று ஏப்ரலில் ஒன்று. அறுபத்து நாலு ஏப்ரல் வந்து போயிற்று, கடிதம் வரவில்லை.

அந்த இரண்டு கடிதங்களையும் லூர்துமேரிக்குப் படித்துக் காட்டியவர் காஸ்பர்தான். தோமினிக்குக்கு எழுத்து ஆகாது. பனி அதிகம், நலம், நைனாவைக் கேட்டதாகச் சொல், அவ்வளவுதான் இருக்கும். அதற்காக வெயிலில் நாலு மைல் நடந்து வந்து நிற்கிறவளிடம் அந்த நாலு வரியை நீட்ட அவருக்கு மனம் வராது. கூடக் கொஞ்சம் சேர்ப்பார். அங்கே பறவைகள் கறுப்பு அங்கி போட்ட சாமியார்களைப் போல நடக்கின்றன என்பார். உன் கைக் கருவாட்டுக் குழம்பைக் கனவில் கண்டேன் என்பார். நாலு வரி இரண்டு பக்கமாகும். லூர்துமேரி முகத்தைத் துடைத்துக்கொண்டு போவாள்.

திருநாளுக்கு அடுத்த ஞாயிறு அவள் பூசைக்கு வந்தாள். தலையில் பூ இல்லை. கையில் ஒரு வாழையிலைப் பொட்டலம். பூசை முழுக்க அதை மடியில் வைத்திருந்தாள். முடிந்ததும் வாசலில் காஸ்பரிடம், “பூ வெச்சிக்கட்டுமா, வேணாமா?” என்றாள். கோபமாக அல்ல. கடையில் உப்பு இருக்கிறதா என்று கேட்கிற குரலில். அவர் மென்று விழுங்கினார். அவள் பொட்டலத்தைப் பிரித்துச் சரத்தை மாதா காலடியில் வைத்துவிட்டுப் போனாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும்.

பங்குச் சாமியாரிடம் போனார். “கடவுளுக்கு முன்னால எல்லாருமே உயிரோட இருக்கறவங்கதான், காஸ்பர்,” என்றார் சாமியார்.

“அது சரிங்க சாமி. செஞ்சியில?”

சாமியார் ஜெபிக்கச் சொன்னார். காஸ்பர் தபால் அலுவலகத்தில் சுந்தரமூர்த்தியைக் கேட்டார். கடிதம் வரவில்லை என்றால் ஆள் இல்லை என்று அர்த்தமில்லை, ஆள் இருக்கிறான் என்றும் அர்த்தமில்லை என்று அவர் விளக்கினார். கடைசியில் காஸ்பர் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு அலுவலகத்துக்குத் தானே கடிதம் எழுதினார். அவருக்குப் பிரெஞ்சு தெரியும் என்பது ஊரின் நம்பிக்கை. சின்ன வயதில் ஆறு வருஷம் புதுச்சேரி ரொட்டிக் கடையில் வேலை பார்த்தவர். மாவு, அடுப்பு, விறகு, முதலாளியின் வசவு, இவற்றுக்கு வெளியே ஒரு மனிதன் உயிரோடு இருக்கிறானா என்று அந்த மொழியில் கேட்க அவருக்கு மூன்று நாள் பிடித்தது.

ஜனவரியில் பதில் வந்தது. தோமினிக் என்ற பெயரில் எவரும் எங்கள் பதிவேட்டில் இல்லை. நிலையத்தின் மீது தாங்கள் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி. அதன் சரித்திரத்தைக் கூறும் சிறு நூல் ஒன்றை இத்துடன் அனுப்பியுள்ளோம்.

ஆளைக் கேட்டவருக்குப் புத்தகம் வந்தது.

“அதையாச்சும் படிங்கண்ணே,” என்றாள் லூர்துமேரி. “அவரு இருக்கற எடம்தானே.”

அப்படித்தான், ஞாயிறு பூசை முடிந்து மணிக்கூண்டு நிழலில், காஸ்பர் ஒரு கல்லில், அவள் ஒரு கல்லில் உட்கார்ந்து, சாமியாரின் அகராதி நடுவில் இருக்க, செஞ்சியில் துருவ நிலையத்தின் சரித்திரம் வாசிக்கப்பட்டது. ஒரு ஞாயிறுக்கு இரண்டு பக்கம். அதற்கு மேல் அவருடைய பிரெஞ்சு தாங்காது. இந்த முறை அவர் ஒரு வார்த்தை கூடச் சேர்க்கவில்லை. சேர்க்க ஆசைதான். ஆனால் பூப் பொட்டலம் எதிரே இருந்தது.

1950: கப்பல் வந்து மூன்று மரக் குடிசைகளையும் ஏழு பேரையும் இறக்கிவிட்டுப் போயிற்று. 1952: பெரிய குடிசை தீப்பிடித்து எரிந்தது. அணைக்கத் தண்ணீர் இல்லை.

“கண்ணுக்கெட்டின மட்டும் தண்ணிதானே ஒறஞ்சி நிக்குதுன்னீங்க?”

“ஒறஞ்ச தண்ணிய எறிஞ்சா தீ அணையுமா? உருக்கறதுக்குத் தீ வேணும், தீ அங்க வேற வேலையா இருக்குது.”

ஏழு பேரும் கப்பல் வரும்வரை மிச்சக் குடிசையில் ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்தார்கள். அப்புறம் மூன்று வருஷம் நிலையம் ஆளற்றுக் கிடந்தது. 1955-இல் திரும்பி வந்தவர்கள் குடிசையையே காணாமல் தேடினார்கள். பனி கூரைக்கு மேல் ஏறியிருந்தது. கூரையை அறுத்து இறங்கினால், மேசை மேல் மூன்று வருஷத்துக்கு முந்திய சாப்பாட்டுத் தட்டுகள் வைத்தது வைத்தபடி இருந்தன. ஊசவில்லை.

“சாப்ட்டுட்டு கழுவாம போயிருக்கானுங்க,” என்றாள் லூர்துமேரி. “அப்ப சமையலுக்குன்னு ஆளு இல்ல. அதான்.”

1957: உலகமே ஒன்று சேர்ந்து பூமியை ஆராய்ந்த வருஷம். நிலையத்தில் இருபத்து மூன்று பேர். அவர்களுடைய பெயர்கள், படிப்பு, எதை அளந்தார்கள், எல்லாம் நாலு பக்கத்துக்கு இருந்தது. அதன் கீழே இன்னொரு பட்டியல். காஸ்பர் பாதி வாசித்து நிறுத்தினார்.

“ஏன் நிறுத்திட்டீங்க? இவங்கல்லாம் யாரு?”

“அது வந்து... நாய்ங்க. வண்டி இழுக்கற நாய்ங்க.”

“எத்தினி?”

“பதிமூணு.”

“பதிமூணுக்கும் பேரு போட்டிருக்குதா?”

“ம்.”

“சரி, மேல படிங்க.”

1961-க்கு வந்தபோது அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். அந்த வருஷம் நிலையத்துக்குப் புதுச் சமையலறை வந்தது. அடுப்போடு சேர்த்துப் பனி உருக்கும் தொட்டி ஒன்று. ஒரு நாளைக்கு இருபது கூடை பனி தொட்டியில் விழ வேண்டும். குடிக்க, குளிக்க, சமைக்க எல்லாத் தண்ணீரும் அதிலிருந்துதான். சூடான ரசம் ஆராய்ச்சியாளர்களின் உற்சாகத்தைக் காத்தது என்று ஒரு வரி. சாறு என்றுதான் போட்டிருந்தது. காஸ்பர் ரசம் என்று படித்தார். இந்த ஒரு இடத்தில் மட்டும் வாய் தவறிவிட்டது.

“இருபது கூடையும் யாரு கொட்டினதுன்னு போட்டிருக்குதா?”

“போடல.”

“அப்ப அவருதான்,” என்றாள். பேர் இல்லாத இடமாகப் பார்த்துப் பார்த்து அவள் புருஷனைக் குடிவைத்துக்கொண்டு போனாள். அடுத்த பக்கத்தில் ஒரு புகைப்படம். நீள மேசை, தாடிக்காரர்கள், கீழே வரிசையாகப் பதினொரு பெயர்கள். அவள் மனிதர்களைப் பார்க்கவில்லை. விரல் வைத்துக் கிண்ணங்களை எண்ணினாள். பதிமூன்று.

“ஒண்ணு படம் எடுத்தவனோடது,” என்றார் காஸ்பர்.

“இன்னொண்ணு அவரோடது. எல்லாருக்கும் போட்டுட்டுக் கடைசியாத்தான் உக்காருவாரு. வீட்லயும் அப்படித்தான்.”

கடைசி வரி 1963. அந்தக் குளிர்காலம் நிலையத்தின் சரித்திரத்திலேயே கடுமையானது. இருந்தும் பணிகள் ஒரு நாளும் தடைபடவில்லை. அத்தோடு சரித்திரம் முடிந்தது. காஸ்பர் புத்தகத்தை மூடப் போனார். அவள் கை குறுக்கே வந்தது. பின்னட்டையின் உள்பக்கத்தில், இரும்புச் சங்கிலிச் சக்கரம் பூட்டிய ஒரு வண்டியின் படம். பக்கத்தில் மயிர்த் தொப்பியோடு ஓர் ஆள்.

“இவரு வெள்ளைக்காரர் இல்லண்ணே. நம்ம ஆளு.”

காஸ்பர் கீழே இருந்த எழுத்தைக் கூட்டினார். “மெக்கானிக்... தங்கரசூ.”

“தங்கராசு அண்ணன்! மொத கடுதாசில இருந்துச்சே. புதுச்சேரி தங்கராசு அண்ணன் கூட இருக்காரு, பயப்படாதன்னு.”

அந்த வரி காஸ்பருக்கும் ஞாபகம் இருந்தது. ஆனால் அது தோமினிக் எழுதியதா, தான் சேர்த்ததா என்று அவருக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. மறுநாள் அவள் தகரப் பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்து வந்தாள். இருந்தது. தோமினிக்கின் கோணல் எழுத்தில், நாலு வரியில் ஒரு வரியாக. காஸ்பர் அவ்வளவு சந்தோஷமாக எந்தக் கடிதத்தையும் படித்ததில்லை.

தங்கராசு வீட்டைத் தேடிப் புதுச்சேரிக்கு உடனே புறப்பட முடியவில்லை. இந்தி எதிர்ப்புக் கலவரத்தில் பஸ் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. அந்த நாட்களில் காஸ்பருக்கு ஒரு நினைப்பு வந்து ஒட்டிக்கொண்டது. தோமினிக் உயிரோடு இருந்தால் கோடிப் புண்ணியம். ஒருவேளை இல்லையென்றால், அந்தச் சாவு கல்லறைத் திருநாளுக்கு முந்தியதாக இருக்கட்டும். தான் வாயைத் திறந்த பிறகு நடந்ததாக இருக்கவேண்டாம். ஒருத்தி பூவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், இவர் தேதிக்கு வேண்டிக்கொள்கிறார். தன்னைத்தானே நாலு திட்டு திட்டினார், ரொட்டிக்கடை முதலாளியின் பிரெஞ்சில். நினைப்பு போகவில்லை.

தவக்காலத்தின் முதல் திங்கட்கிழமை புதுச்சேரி போய்ச் சேர்ந்தார். பழைய ரொட்டிக் கடையில் விசாரித்ததில் வீடு சுலபமாகக் கிடைத்தது. தங்கராசு பனியனோடு கூடத்தில் உட்கார்ந்து மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். இடது கையில் இரண்டு விரல் நுனிகள் இல்லை.

“வணக்கங்க. செஞ்சிலேர்ந்து வர்றேன். கோவில் உபதேசியார்.”

“செஞ்சியா? கோட்டையெல்லாம் எப்படி இருக்குது?”

“இடிஞ்சது போக மிச்சம் நல்லா இருக்குது.”

தங்கராசு சிரித்தார். காஸ்பர் அந்தச் சிரிப்பு முடிவதற்குள், “தோமினிக்னு ஒரு சமையல்காரர், உங்க கூட அங்க...” என்று ஆரம்பித்தார்.

“அந்தப் பேர்ல அங்க யாரும் இல்ல.”

பதில் கேள்வியை முடிக்க விடாமல் வந்தது. கையிலிருந்த திருப்புளி, திருகு ஏற்கெனவே கழன்றுவிட்ட ஓட்டையில் சுற்றிக்கொண்டே இருந்தது. காஸ்பர் புத்தகத்தை நீட்டினார். தங்கராசு கையைத் துடைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். தன் படத்தைப் பார்த்து மூக்கை உறிஞ்சினார்.

“இதுல எல்லாம் அளந்து எழுதியிருக்கான். குளிர மட்டும் எழுதல. மண்ணெண்ணெய் பாகு மாதிரி ஆயிடும். ஒரு போல்ட்ட வெறுங்கையில தொட்டேன், ரெண்டு விரலு நுனி அதோட போச்சு. மூணு மாசம் சூரியன் வராது. சமையல்காரன் மிளகு ரசம் வெச்சிக் குடுப்பான், அதான் எங்களுக்கு விடிஞ்சதுக்கு அடையாளம்.”

“அவன் பேரு என்னங்க?”

“மரியசெல்வம்.”

காஸ்பரின் கண் தங்கராசுவின் தலைக்கு மேலே போயிற்று. சுவரில் காகிதப் பூமாலை போட்ட ஒரு படம். பன்னிரண்டு, பதிமூன்று வயது முகம். கீழே எழுதியிருந்த பெயரைப் படிக்க அவருக்கு அகராதி தேவைப்படவில்லை.

“அதுவும் மரியசெல்வமா?”

“எந்தம்பி. நாப்பத்தெட்டுல காய்ச்சல்ல போயிட்டான்.”

தங்கராசு ஸ்டவ்வின் பக்கம் திரும்பினார்.

“பிரெஞ்சுக் காகிதம் இல்லாதவன கப்பல்ல ஏத்த மாட்டான் ஐயா,” என்றார் தங்கராசு, ஸ்டவ்விடம் பேசுவதைப் போல. “செஞ்சி இங்கிலீஷ்காரன் ஆண்ட வேற சீமை. அந்தப் பையன் என் காலப் புடிச்சான். கொல்லையில கெணறு வெட்டணும், நைனாவுக்கு வயசாயிடுச்சி, மூணே வருஷம்னான். தம்பியோட ஞானஸ்நானக் காகிதம் பொட்டியில சும்மாத்தானே கெடக்குதுன்னு எடுத்துக் குடுத்தேன். செத்தவன் பேர்ல ஒருத்தன் பொழச்சிட்டுப் போறான்னுதான் நெனச்சேன்.”

“இப்ப அவன் எங்க இருக்கான்?”

“காபி சாப்பிடறீங்களா?”

“சாப்டறேன். அவன் எங்க?”

“போன வருஷம் மார்ச்சுல பிரெஞ்சு ஆபீசுலேர்ந்து இந்த வீட்டுக்கு ஒரு ஓலை வந்துச்சி. மரியசெல்வம் பேர் போட்டு. தபால்காரன் எங்கம்மா கையிலதான் குடுத்துட்டுப் போனான். பதினாறு வருஷத்துக்கு முன்னால செத்தவன் பத்தி இப்ப இன்னாடா எழுதியிருக்குதுன்னு என்னக் கேட்டாங்க. பழைய கணக்கு ஏதோம்மான்னு சொல்லிட்டேன்.”

“இன்னா எழுதியிருந்துச்சி?”

தங்கராசு எழுந்து தெருக்கதவைச் சாத்தினார். திரும்பி வந்து நின்றார். உட்காரவில்லை. “சொன்னா காகித விஷயம் வெளிய வரும். இந்த வயசுல என்னப் புடிச்சி உள்ள போடுவான்.”

இந்த இடத்தில் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் ஆள் இளகுவார் என்று காஸ்பருக்குத் தெரியும். தேடிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. நாற்பத்தாறு வருஷத்தில் பயம் வந்தும் வேடிக்கை வராதது அதுதான் முதல் தடவை.

“ஐயா, நான் போலீசும் இல்ல, சர்க்காரும் இல்ல. சீட்டுப் படிக்கத் தெரியாம படிச்ச முட்டாள். அவன் பொண்டாட்டி பதினெட்டு ஞாயித்துக்கெழம பூவக் கையில வெச்சிட்டு வந்து நிக்கறா. வெச்சிக்கட்டுமா, வேணாமான்னு கேக்கறா. நானும் மென்னு முழுங்கறேன். எல்லாரையும் கேட்டுட்டேன், ஒருத்தரும் சொல்லல. வர்ற ஞாயித்துக்கெழம வருவா. கேப்பா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. பூ வெச்சிக்கலாமா, வேணாமா?”

தங்கராசு திருப்புளியைக் கீழே வைத்தார்.

“வேணாம்,” என்றார். “செத்துட்டான். அறுபத்து மூணு, ஜூலை பத்தொம்போது. தொட்டிக்குப் பனி எடுக்கக் கூடையோட வெளிய போனான், காத்து கெளம்பிடுச்சி. கயித்தக் கட்டிக்கிட்டு ரெண்டு நாளு தேடினோம். கதவுலேர்ந்து நாப்பது அடியில கெடந்தான். நான்தான் தூக்கியாந்தேன்.”